மேலிருந்து இறங்கும் ஓசோன்: ஆறு வருடத் தரவை வைத்து நூறு வருடம் பேசலாமா?

ஓசோன் மேலே இருந்தால் குடை, கீழே இருந்தால் மாசு. இரண்டுக்கும் நடுவில் சுவர் இருப்பதுபோலத்தான் பாடப்புத்தகப் படங்கள் காட்டும். அந்தச் சுவர் எவ்வளவு கசிகிறது என்று அளந்த ஒரு கட்டுரையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஜெசிகா நியூவும் சக ஆய்வாளர்களும் 2014-ல் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் எழுதியது.

முதலில் பின்னணி. வெப்பமண்டலத்தில் காற்று மெதுவாக ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் ஏறி, துருவங்கள் பக்கம் நகர்ந்து, நடு அட்சரேகைகளிலும் அதற்கு அப்பாலும் இறங்குகிறது. இதுதான் ப்ரூவர்-டாப்ஸன் சுழற்சி. இறங்கும்போது ஓசோனையும் கூட்டிக்கொண்டு வரும். இதன் வேகம் வருடா வருடம் மாறும். எல் நினோ ஒரு காரணம். பூமத்தியரேகைக்கு மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியரில் சுமார் 28 மாதச் சுற்றில் திசை மாறி மாறி வீசும் க்யூபிஓ காற்று இன்னொரு காரணம்.

ஆரா செயற்கைக்கோளின் எம்எல்எஸ், டெஸ் என்ற இரண்டு கருவிகளின் தரவை இவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். சுழற்சியின் வலிமை சுமார் 40% மாறினால், வட நடு அட்சரேகைகளில் ட்ரோபோஸ்பியர் ஓசோன் சுமார் 2% மாறுகிறது. 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் வருடத்துக்கு வருடம் தெரியும் ஏற்ற இறக்கத்தில் இது கிட்டத்தட்ட பாதி! மாடலை மட்டும் நம்பாமல், இயற்கையே நடத்திய சோதனையை அளந்து காட்டியதுதான் கட்டுரையின் பலம்.

இடிக்கிற இடம் அடுத்த படி. புவி வெப்பமாவதால் இந்த நூற்றாண்டில் சுழற்சி இதே 40% அளவுக்கு வேகமாகலாம், எனவே இந்த ஏற்ற இறக்கத்தை அதற்கு ஒரு ஒத்திகையாகக் கொள்ளலாம் என்கிறார்கள். தரவு 2005 முதல் 2010 வரை, மொத்தம் 72 மாதம். க்யூபிஓவுக்கு இரண்டரைச் சுற்றுதான். அதற்குள் எல் நினோவும் கலந்திருக்கிறது. ஒரே டெஸ்டில் இரண்டு செட்டிங்கை மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்பதுபோல. போதாததற்கு 2016-லும் 2019-20லும் க்யூபிஓவே தாளம் தப்பியது. இன்னொன்று, சிஎஃப்சி குறைவதால் மேலே ஓசோன் படலமே மீண்டு வருகிறது. நாளை இறங்கப்போகும் காற்றில் இருக்கும் ஓசோனின் அளவே வேறாக இருக்கும். ஆறு வருட ஊசலாட்டத்தில் அது தெரியாது.

இதெல்லாம் எதற்கு முக்கியம்? ஒரு நாடு வாகனப் புகையைக் குறைக்கிறது, ஆனால் ஓசோன் குறையவில்லை. கொள்கை தோற்றதா, மேலிருந்து வந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததற்காகவே கட்டுரையைப் படிக்கலாம். ஆனால் 'எல்லாம் மேலேர்ந்து வருது, நாம என்ன பண்ண முடியும்' என்று யாராவது இதைக் காட்டினால் நம்பாதீர்கள். வெயில் காலத்தில் நகரத்தை மூச்சுத் திணற வைக்கும் ஓசோன் பெரும்பாலும் நம் புகையில் பிறந்ததுதான்.

வருடாந்தர மாற்றத்தின் அளவாக அந்த 2%-ஐ நம்புகிறேன். 2100-க்கான கணிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.