43 வினாடியும் 24 மணி நேரமும்

ஹை அவெய்லபிலிட்டி பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் "ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று எழும்" என்பதோடு நின்றுவிடும். எழுந்தது சரியான இடத்தில்தானா என்று கேட்பதில்லை. 2018 அக்டோபர் கோளாறு பற்றி கிட்ஹப் வெளியிட்ட அறிக்கையை அதற்காகவே படிக்கலாம்.

பழுதான 100ஜி ஆப்டிக்கல் கருவியை மாற்றும்போது, அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டரின் இணைப்பு 43 வினாடி அறுந்தது. அவ்வளவுதான். அதற்குள் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் பெரும்பான்மை சேர்த்து, மைஎஸ்கியூஎல் பிரைமரிகளை மேற்குக் கரைக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டது. கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட கொஞ்சம் தரவு மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கிலோ கிட்டத்தட்ட 40 நிமிடத்துக்குப் புதுத் தரவு குவிந்துபோச்சு. சும்மா திருப்பிப் போட வழியில்லை. எல்லாம் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது.

தளம் தடுமாறினாலும் பரவாயில்லை, தரவு தொலையக் கூடாது என்று முடிவெடுத்ததை மறைக்காமல் சொல்கிறார்கள். கருவி அமைத்தபடியேதான் நடந்தது என்றும் ஒப்புக்கொள்கிறார்கள். அது நேர்மை.

என் குறை இங்கேதான். கிழக்கிலிருக்கும் அப்ளிகேஷன், ஒவ்வொரு எழுத்துக்கும் மறுகரைக்குப் போய்வரும் தாமதத்தைத் தாங்குமா என்பது முன்கூட்டியே சோதிக்கக்கூடிய விஷயம். இனி கரை தாண்டிப் பிரைமரி மாறாமல் தடுப்போம் என்கிறார்கள், சரி. அதுவரை ஏன் அனுமதித்திருந்தார்கள் என்பதற்கு விரிவான பதில் இல்லை.

கான்ஃபிகரேஷனில் யார் பிரைமரி ஆகலாம் என்பதைவிட, யார் ஆகவே கூடாது என்ற வரிதான் முக்கியம். உங்கள் கிளஸ்டரில் அந்த வரி இருக்கா?