குட்டைப் பலகையும் பனியின் குணபேதமும்

தாணேயிலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் வசிக்கும் மும்பைத் தமிழர்களாகிய நம்மவர்களில், மே மாதப் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு மணாலி சென்று, மலைப்பாதை ஓரத்துக் கடைகளில் கம்பளிக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்கு எடுத்து அணிந்துகொண்டு, ரோத்தாங் கணவாயிலோ, 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அதற்கு அப்பால் கோக்சர் பக்கத்திலோ, ஆயுளில் முதன்முறையாகப் பனியை மிதித்துவிட்டு வந்தவர்கள் இன்று அநேகர். அவர்களில் ஒரு சாராருக்கு, திரும்பி வந்த பிறகும் அந்த வெண்சரிவின் நினைவு அகலுவதில்லை. அடுத்த ஆண்டு காஷ்மீரத்துக் குல்மார்க்கோ உத்தரகண்டின் ஔலியோ போய் முறையாகச் சறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை பிறந்து விடுகிறது. அப்போது எழும் கேள்விதான் இந்த அலசலுக்குக் காரணம்: ஆள் உயரத்துக்கு நீண்ட ஸ்கீ பலகைகளோடு மல்லுக்கட்டுவதைவிட, ஒரு மீட்டர் நீளமே உள்ள, அகலம் மிகுந்த ஸ்கீபோர்டுகளை மாட்டிக்கொண்டு இறங்கினால் என்ன?

இந்தக் குட்டைப் பலகைகள் புதுமையானவை அல்ல. ஆஸ்திரிய மலைவாசிகள் வசந்தகாலப் பனியில் இறங்குவதற்கென்றே குறுகிய சறுக்குப் பலகைகளை வெகுகாலமாக வைத்திருந்தார்கள். 1990களில் நைசல் நிறுவனத்தின் ‘பிக்ஃபுட்’, ஜேசன் லெவின்தால் 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘லைன்’ நிறுவனத்தின் பலகைகள், சலோமனின் ‘ஸ்னோபிளேடு’ ஆகியவை வந்தபோது இவற்றின் மோகம் உச்சத்தை எட்டியது. 1998 முதல் 2000 வரை குளிர்கால எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் இவற்றுக்கெனத் தனிப் பிரிவே இருந்தது. பிறகு நீண்ட ஸ்கீக்களே இரு முனையும் வளைந்து வந்துவிட, குட்டைப் பலகை ஓரமாக ஒதுங்கிற்று. ஆனால் அதன் சரித்திரத்தைவிட அதன் சுபாவமே நமக்கு முக்கியம். அந்தச் சுபாவமோ காலடியில் கிடக்கும் பனியைப் பொறுத்து அடியோடு மாறிவிடுகிறது.

முதலில் குல்மார்க்கை எடுத்துக்கொள்வோம். கோண்டோலா என்னும் கம்பிவண்டியில் ஏறி, இடைநிலையமான காங்டூரியைக் கடந்து, ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் அஃபர்வத் சிகரத்தின் தோள்மீது இறங்குகிறவன், மேற்கத்தியக் காற்றலைகள் கொண்டுவந்து கொட்டிய புதுப்பனியில் காலை வைத்த மாத்திரத்தில் முழங்கால் வரை புதைகிறான். புதிதாக விழுந்த பொடிப்பனியின் அடர்த்தி கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான். அதாவது தண்ணீரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. அதன்மேல் மனிதனை மிதக்க வைப்பது முதன்மையாகப் பலகையின் பரப்பளவே. 99 செ.மீ. நீளமும் சராசரி 12 செ.மீ. அகலமும் உள்ள ஒரு ஜோடி ஸ்கீபோர்டின் பரப்பு சுமார் 2,380 சதுர செ.மீ.; உடை, பூட்ஸ் உட்பட 80 கிலோ எடையுள்ளவன் அதன்மேல் நின்றால், ஒவ்வொரு சதுர செ.மீ.யின் மேலும் ஏறத்தாழ 34 கிராம் சுமை விழுகிறது. 170 செ.மீ. நீளமும் சராசரி 9 செ.மீ. அகலமும் கொண்ட சாதாரண ஸ்கீயில் அதே ஆள் நின்றால் அது 26 கிராம். பொடிப்பனிக்கென்றே செய்த, 185 செ.மீ. நீளமும் சராசரி பன்னிரண்டரை செ.மீ. அகலமும் உள்ள ஸ்கீயிலோ 17 கிராம்தான். ‘அகலமாக இருக்கிறதே, மிதக்காதா?’ என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே விடை. அகலத்தால் கிடைத்த லாபத்தை நீளத்தின் குறைவு விழுங்கிவிடுகிறது.

பரப்பளவோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பாதத்துக்கு முன்னால் அரை மீட்டர்கூட நீளாத பலகையில், வேகம் சற்றே தளர்ந்தாலும் உடல் இம்மியளவு முன்சாய்ந்தாலும் முனை பனிக்குள் புகுந்துவிடும். அதைத் தவிர்க்க வேண்டிக் குதிகாலில் பாரத்தை வைத்தே இறங்கினால் தொடைகள் சீக்கிரத்தில் சோர்ந்துபோகும். கெட்டியான அடித்தளத்தின்மேல் சாண் உயரத்துக்குள் புதுப்பனி கிடந்தால் மாத்திரம் நிலைமை வேறு. அங்கே, குறிப்பாகக் காங்டூரிக்குக் கீழே மரங்களுக்கு ஊடாக இறங்கும்போது, நினைத்த இடத்தில் நினைத்த கணத்தில் திரும்பும் குட்டைப் பலகையின் சாமர்த்தியம் நீண்ட பலகைக்கு வரவே வராது. ஆழமான பனிக்கு அது ஏற்றதல்ல என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம்.

அடுத்தது, உறைந்து இறுகிய பனி. நெடுநாள் புதுப்பனி இல்லாமல், பலரும் சறுக்கிச் சறுக்கி அழுத்திய பயிற்சிச் சரிவுகளும், இயந்திரத்தால் செய்த பனியும் இந்த வகையைச் சேர்ந்தவை. 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில், குல்மார்க்கின் மைந்தர் ஆரிஃப் கான் ஜெயண்ட் ஸ்லாலம் என்னும் சறுக்குப் போட்டியில் ஓடி 45ஆம் இடத்தைப் பெற்றது, செயற்கைப் பனியால் அமைத்த யான்சிங் சரிவில்தான். அந்தப் போட்டியில் ஆண்களுக்கான ஸ்கீ 193 செ.மீ.க்குக் குறையக்கூடாது, அதன் பக்க விளிம்பு வளைவின் ஆரம் 30 மீட்டருக்குக் குறையக்கூடாது என்றெல்லாம் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் விதித்திருப்பதைப் பார்த்தாலே, கடினமான தரையில் வேகத்தோடு இறங்குவதற்கு நீளம் எவ்வளவு அவசியம் என்பது விளங்கும். குட்டைப் பலகையின் வளைவு ஆரமோ ஏழெட்டு மீட்டருக்குள் அடங்கிவிடுவது. மெதுவாகப் போகும்வரை அது கட்டுக்கு அடங்கி நடக்கும், வேகம் ஏற ஏற நேர்கோட்டில் நிற்காமல் இடமும் வலமும் துடிக்கத் தொடங்கும். பனியைக் கவ்வ வேண்டிய எஃகு விளிம்பு நீளத்திலும் குறைவு. அகலம் காரணமாகப் பாதத்தின் மையத்திலிருந்து தள்ளியும் இருக்கிறது. எனவே பலகையைச் சாய்த்துப் பிடிக்கக் கணுக்காலும் முழங்காலும் அதிகம் பிரயாசைப்படுகின்றன. பாதம் நடுங்க, கடகடவென்ற சத்தத்தோடு விளிம்பு பிடியை விட்டு வழுக்குவதை ஒருமுறை உணர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மேலே ஓடு போல இறுகி, கீழே மென்மையாகக் கிடந்து, மிதித்தால் உடையும் பனியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது எந்தப் பலகைக்கும் பகை. குட்டைப் பலகைக்குப் பரம பகை.

குட்டைப் பலகை தன் முழு வித்தையையும் காட்டுவது வசந்தகாலப் பனியில். மார்ச் பிற்பாதிக்கு மேல், இரவில் உறைந்து பகலில் உருகி, மீண்டும் உறைந்து மீண்டும் உருகி, பனித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து, கையில் அள்ளினால் கல்லுப்பைப் போல நறநறவென்று உதிர்கின்ற பதத்துக்கு வந்துவிடுகின்றன. விடியற்காலையில் பாறையாகக் கிடக்கும் அந்தச் சரிவு, வெயில் ஏறிய பிறகு மேற்பரப்பில் மாத்திரம் இரண்டு மூன்று விரற்கடை இளகுகிறது. அடியில் இருப்பதோ இன்னும் கெட்டி. புதைவதற்கு ஆழமில்லை, வழுக்குவதற்குக் கடினமில்லை. மிதக்க வேண்டிய பொறுப்பிலிருந்தும், உறைபனியைக் கவ்வ வேண்டிய பொறுப்பிலிருந்தும் விடுபட்ட குட்டைப் பலகை, சுழலவும் பின்னோக்கிச் செல்லவும் சிறு வட்டமாகத் திரும்பவும் தனக்குள்ள இயல்பை முழுமையாக வெளிப்படுத்துகிறது. கற்றுக்கொள்ள வந்தவனுக்கு முதல் நாளிலேயே தைரியம் பிறப்பது இந்தப் பனியில்தான். பிற்பகலில் பனி கூழாகிவிட்டால், ஈரம் பலகையின் அடியைத் திடீரென்று இழுத்துப் பிடிக்கும். முன்னால் நீளமில்லாததால் ஆள் தலைகுப்புற விழ நேரும். ஆகவே பகல் பன்னிரண்டு மணி அளவில் நிறுத்திக்கொள்வது விவேகம்.

ஆனால் பலகையின் சுலபத்தைக் கண்டு ஒரு முக்கியமான சங்கதியை மறந்துவிடக்கூடாது. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் என்ற சாதனம், சாதாரண ஸ்கீயில், விழும்போது தானாகத் திறந்து காலை விடுவித்துவிடும். பழைய ஸ்கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றில் அப்படி விடுவிக்கும் ஏற்பாடு இல்லை. நீளம் குறைவாயிருப்பதால் முழங்கால் திருகிக்கொள்வது குறைந்தது உண்மையே. அதற்கு ஈடாக முழங்காலுக்குக் கீழே கால் எலும்பு முறிவது கூடியது. பலகை சிறியதென்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ணிக் குழந்தைகளின் காலில் அவற்றைக் கட்டிவிடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

காஷ்மீரத்தின் பனியையும் முன்போல நம்பியிருக்க முடியவில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் வெகுநாள் வெறும் புல்லாகக் கிடந்தன. 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதி, பனியில்லாத காரணத்தால் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போடப்பட்டது. ஆகவே ரயில் டிக்கெட் எடுக்கும்போதே எந்தப் பலகை என்று தீர்மானித்துவிடுவதில் பிரயோஜனமில்லை. போய்ச் சேர்ந்த அன்று அங்கே கிடக்கும் பனியைப் பார்த்த பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மார்ச் பிற்பாதிக்கு மேல், மிதமான சரிவில், முற்பகல் வேளையில் சறுக்குவதானால் குட்டைப் பலகையைத் தயங்காமல் கேளுங்கள், ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அஃபர்வத்துக்கு ஏறுவதானால் நீண்ட அகலமான ஸ்கீயையே கேளுங்கள். எதை எடுத்தாலும், பைண்டிங் திறந்து விடுவிக்கிறதா என்று கடைக்காரரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். 2023 பிப்ரவரி முதல் தேதியன்று அதே அஃபர்வத்தில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர்; சறுக்குச் சரிவுகளைக் கண்காணிக்கும் காவல் படையினர் கொடி கட்டிய எல்லையைத் தாண்டி எந்தப் பலகையோடும் போகாதீர்கள்.