அஞ்சல் அதிகாரியும் நாவலாசிரியரும்: அந்தோனி டிராலோப்

அந்தோனி டிராலோப் (1815-1882) எழுதிய தன்வரலாறு அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுத்து மேசையில் இருக்கும்படி தம்மை எழுப்ப வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்ததையும், கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணி நேரத்திற்கு 250 சொற்கள் எழுதியதையும், நூல்கள் ஈட்டித் தந்த தொகையையும் அவர் அதில் ஒளிக்காமல் பதிந்துள்ளார். படித்தோர் பலர் அவருடைய 47 நாவல்களையும் கணக்குப் பேரேடாகவே காணத் தலைப்பட்டனர். இது பொருந்தா மதிப்பீடு எனக் கருதுகிறோம்.

1834இல் இலண்டன் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்த அவர், 1841இல் அயர்லாந்துக்குச் சென்று, 1867 வரை அத்துறையில் பணியாற்றினார். மறு ஆண்டு பெவர்லி தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். நரி வேட்டையோ தீராத மோகம். இவற்றிடையே எழுத நேரம் எவ்வாறு கிடைத்தது என்றே பலரும் வியக்கின்றனர். அலுவலகம் அவர் எழுத்துக்கு என்ன தந்தது என்பதே நம் வினா.

1852இல் ஜெர்சி தீவில் தெருவோர அஞ்சல்பெட்டிகள் நிறுவப்பட்டது அவர் பரிந்துரையால்தான். ஆனால் 1869இல் வெளிவந்த 'ஹீ நியூ ஹீ வாஸ் ரைட்' நாவலில் மிஸ் ஸ்டான்பரி என்னும் மூதாட்டி அப்பெட்டிகளை அறவே நம்புவதில்லை. கடிதத்தை அஞ்சலகத்துக்கே கொண்டுசென்று சேர்ப்பதுதான் முறை என்பது அவர் பிடிவாதம். தாம் பரிந்துரைத்ததை மறுப்பவரின் கண்ணால் பார்த்துச் சிரிக்கும் இப்பண்பை, வெறும் உழைப்பின் விளைவு எனல் இயலாது.

எல்லா இடத்தும் அவர் இவ்வாறு சிரித்தாரல்லர். அரசுப் பணிக்குப் போட்டித் தேர்வு வேண்டுமென்ற சார்லஸ் டிரெவெலியனை (பின்னர் 1859இல் சென்னை ஆளுநராக வந்தவர் இவரே) 'தி த்ரீ கிளர்க்ஸ்' நாவலில் சர் கிரெகரி ஹார்ட்லைன்ஸ் என்னும் பாத்திரமாக்கிச் சாடினார். அங்குச் சினம் இருக்கிறது, மனிதர் இல்லை.

'ஜான் கால்டிகேட்' (1879) நாவலின் பேக்வாக்ஸ் இதற்கு நேர்மாறு. கால்டிகேட்டுக்கு எதிரான சான்றாகிய ஓர் உறையின் முத்திரையை ஆராயும் அஞ்சல் எழுத்தர் அவர். ஆய்வின் பொருட்டுச் சிட்னிக்கு அரசுச் செலவில் பயணம் செய்யும் கனவும் அவருக்கு உண்டு. உறையில் ஒட்டிய தலையே முத்திரை காட்டும் நாளுக்குப் பின்னர்தான் அச்சானது என்பதைக் கண்டறிகிறார். அதைச் சொன்னால் பயணம் இல்லை. சொல்லிவிடுகிறார்.