கோப்பைக்குப் போகும் வெற்றிகளும் டெல்டாவின் கபடியும்

பல்கலைக்கழக விளையாட்டில் இந்தியாவின் உயரிய விருது மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் பெறும் வெற்றிகளே அதை முடிவு செய்கின்றன. 2024-க்கான கோப்பையைச் சண்டிகர் பல்கலைக்கழகம் பெற்றது; இரண்டாமிடம் லவ்லி புரொபஷனல் பல்கலைக்கழகத்துக்கு. இரண்டும் பஞ்சாபில் உள்ள தனியார் பல்கலைக்கழகங்கள். தனியார் முதலீடு விளையாட்டை வளர்க்கிறது என்பதற்கு இதுவே சான்று என்கிறார்கள் ஆதரவாளர்கள்.

அதில் உண்மை உண்டு. கட்டண விலக்கு, விடுதி, சத்தான சாப்பாடு, பயிற்சியாளர் ஆகியவை ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பட்டத்தையும் பதக்கத்தையும் சேர்த்தே தருகின்றன.

ஆனால் வெற்றியின் கணக்கு, வீரர் அந்த ஆண்டு எங்கே படிக்கிறாரோ அங்கே சேர்கிறது. அவரை வளர்த்த ஊருக்கும் பள்ளிக்கும் எதுவும் வருவதில்லை. அடிப்படைக் கோளாறு இதுதான். காவிரி டெல்டாவில் மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூர் தலைமுறைகளாகக் கபடி ஆடும் ஊர்; 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் அவ்வூர் இளைஞரும் இருந்தார். இப்படி ஊர் வளர்க்கும் வீரரை, வசதியுள்ள பல்கலைக்கழகம் உதவித்தொகை தந்து அழைத்துக்கொண்டால் வெற்றிக் கணக்கு முழுவதும் அதற்கே.

ஊரிலேயே தங்கும் மாணவரின் நிலை வேறு. தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதியின் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவும் திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளவை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி முடியும்வரை எதிரெதிரே ஆடியவர்கள், தேர்வுக்குப் பின் குறுகிய முகாமில் ஓரணியாக வேண்டும். எதிரே வரும் வசதியுள்ள பல்கலைக்கழக அணியோ ஆண்டு முழுவதும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே செயற்கை விரிப்பில் பழகியது. மண் தரையில் வெறுங்காலோடு பழகியவருக்கு விரிப்பில் காலணி போட்டுத் திரும்புவதே புதுப் பாடம். பாடி வரும் வீரரின் (ரைடர்) காலைப் பிடிக்கும் நேரம் அரை நொடி தவறினால் புள்ளி போச்சு. தென்மண்டலப் போட்டியில் முன்னணி இடம் பெறாத அணிக்கு அகில இந்தியப் போட்டி இல்லை. வென்றவருக்குப் பெயர் சேர்கிறது. அந்தப் பெயரைப் பார்த்து அடுத்த ஆண்டின் நல்ல வீரர்களும் அங்கேயே போகிறார்கள்.

தொழில்முறைப் போட்டியான புரோ கபடி இந்த ஆபத்தை உணர்ந்திருக்கிறது. 2024 ஏலத்தில் 12 அணிகளுக்கும் ஒரே செலவு வரம்பு, அணிக்கு 5 கோடி ரூபாய். வணிகத்துக்காக நடக்கும் லீகில் உள்ள சமநிலை, கல்விக்காக நடக்கும் போட்டியில் இல்லை. இன்றைய வடிவில் கோப்பை அளப்பது விளையாட்டு வளர்ப்பை அல்ல, வாங்கும் சக்தியை.

திருத்தம் கடினமல்ல. வீரர் பயின்ற பள்ளிக்கும் முதல் கல்லூரிக்கும் வெற்றிக் கணக்கிலும் பரிசுத் தொகையிலும் பங்கு வேண்டும். விளையாட்டு உதவித்தொகைக்கு வரம்பும் வெளிப்படையான கணக்கும் வேண்டும். இணைப்புக் கல்லூரிகளைக் கொண்ட பல்கலைக்கழகங்களுக்குத் தனித் தரவரிசை வேண்டும். இவை வரும்வரை இந்தக் கோப்பையை விளையாட்டு வளர்ச்சியின் அளவுகோலாக ஏற்க முடியாது.