எதிராளியின் பாட்டு

கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. ஒரே மேடையில் இரண்டு இசைக்குழுக்கள். முதல் குழு முடித்ததும் இரண்டாவது குழு செய்த முதல் வேலை, சத்தத்தைக் கூட்டியதுதான். புகை வந்தது, விளக்கு சுழன்றது. பக்கத்திலிருந்த மாமா, "சத்தம் இருக்கு தம்பி, சரக்கு இல்ல" என்றார்.

போட்டி என்பதையே நாம் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று தோன்றியது. தஞ்சை வட்டார லாவணியில் ஒரு கட்சி மன்மதன் எரிந்தான் என்று பாடும். மறுகட்சி எரியவில்லை என்று பாடும். எதிராளியின் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்காதவன் அங்கே ஓர் அடிகூடப் பாட முடியாது.

சோல் இசை மேடையும் அப்படித்தான். 1964இல் சாண்டா மோனிகாவில் படமாக்கிய 'டி.ஏ.எம்.ஐ. ஷோ'வில் ஜேம்ஸ் பிரவுன் மண்டியிட்டு விழுகிறார். மேலங்கி போர்த்தி அழைத்துப் போகிறார்கள். உதறிவிட்டு மறுபடி மைக்குக்கு ஓடிவருகிறார். அடுத்து மேடையேற வேண்டியவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ்! அந்த விழுதல் நடிப்புதான். ஆனால் பாட்டு மன்றாடும் இடத்தில்தான் உடம்பும் விழுகிறது. பாட்டை எடுத்துவிட்டால் மேலங்கி வெறும் துணி.

நம்ம ஊரில் இதற்கு நான் காட்டுவது அலிகேட்ஸை. பினாங்கு ஆறுமுகம் சகோதரர்களான லோகநாதனும் டேவிட்டும் ஹாங்காங்கில் பாடித் தேறி, மலாய்ப் பாப் இசையின் முன்வரிசைக்கு வந்தவர்கள். அந்த ஆஃப்ரோ முடியை வெறும் வேஷம் என்று நானே சொல்லியிருக்கிறேன். "நம்ம பசங்க மலாய்ல பாடிப் பேர் வாங்கிட்டாங்க" என்று குறைப்பட்டும் இருக்கிறேன்.

இப்போது 'ஹிங்கா ஆகிர் நந்தி' கேட்கையில் இரண்டையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முடி கண்ணை இழுத்தது, சரி. ஆனால் ஆளை உட்கார வைத்தது லோகாவின் குரல். வீட்டில் பேசாத மொழியில், அந்த மொழிக்காரர்களே பாடும் மேடையில் ஜெயிக்க வேண்டுமென்றால், முதலில் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். லாவணிக்காரன் செய்வதும் இதைத்தான். நான் விட்டுக்கொடுத்தல் என்று நினைத்தது உண்மையில் பதில் சொல்லல்.

லோகா 2007இல் மறைந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் தீபாவளிக் கலைநிகழ்ச்சி பார்க்கும்போதெல்லாம் நம்ம இளைஞர்களின் ஆட்டத்தை ரசிக்கிறேன். யாரும் யாருக்கும் பதில் சொல்வதாகத் தெரியவில்லை.

அன்று கிள்ளானிலும் அதுதான். இரண்டாவது குழு பாடிக்கொண்டிருந்தபோது முதல் குழுவின் பாடகர் சாப்பாட்டு மேசையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றாரா ஜெயித்தாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.