சங்கரதாஸ் சுவாமிகளும் எதிர்வாதியின் பாட்டும்

ஒதியம்பட்டு, வில்லியனூர்ப் பக்கத்துச் சபைகளுக்கு ஊழியத்திற்குச் செல்லும் மாணாக்கர், விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் தூங்கி விழுகின்றனர் என்று குறைப்படக் கேட்டிருக்கிறோம். இரவெல்லாம் விழித்திருந்தவர், காலையில் நம் அரைமணிப் பிரசங்கத்துக்கு ஏன் உறங்குகிறார்? இவ்வினாவுடன், அவ்வூர்களுக்கு அணித்தாயுள்ள புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில் அடக்கமாகியிருக்கும் தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை அணுகுவது பயன் தரும். தெருக்கூத்து வேறு, சுவாமிகளின் மேடை நாடகம் வேறு. எனினும் பாட்டே கதையை நடத்திச் செல்லும் முறை இரண்டிற்கும் பொது. மேனாட்டார் ஆப்பரா என்பதற்கு நம்மிடையே மிக நெருங்கியது இதுவே.

1867-ல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, இருபத்துநான்காம் வயதளவில் மேடையேறினார். அவர் புனைந்த வேடங்களைக் கவனிக்க வேண்டும்: எமன், இரணியன், இராவணன், சனீசுவரன். பின்னர் வேடத்தைக் கைவிட்டு ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் அமைந்தார்.

எதிரியின் உள்ளத்தில் வாழ்ந்து பார்த்தவர் எழுதிய நாடகங்கள் இவை. ஆகவேதான் அவருடைய தர்க்கப் பாடல்களில் எதிர்வாதி ஊமையாக நிற்பதில்லை. வள்ளி திருமணத்தில் நாரதர் ஒன்றைச் சொன்னால், வேடர்குலப் பெண் அதற்குப் பாட்டாலேயே மறுமொழி தருகிறாள். தனித்தனியே அமர்த்தப்பட்டு ஒத்திகையின்றி மேடையில் சந்திக்கும் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் இத்தர்க்கத்தை மணிக்கணக்கில் நீட்டுவர். நீட்சியில் நயக்குறைவு புகுவதும் உண்டு. அது ஆசிரியர் குற்றமன்று.

நம் பிரசங்கத்திலோ பார்வோனும் பிலாத்துவும் வாய் திறக்குமுன்பே தோற்றுப்போகின்றனர். 1800-லேயே பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரை உடைய சபை நாம். கீர்த்தனையை வைத்துக்கொண்டோம், நாடகத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம்.

சுவாமிகள் ஞானசௌந்தரியையும் நாடகமாக்கினார். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகளை இழந்த பெண், தேவமாதாவின் அருளால் அவற்றை மீண்டும் பெறும் கதை அது. சீர்திருத்த சபையினராகிய நமக்கு அம்முடிவில் தயக்கம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குற்றமற்றவள் துன்புறுவதேன் என்ற யோபுவின் கேள்வியை, முருகன் கதை எழுதிய அதே கை நம் கதையொன்றின் வழியாகவும் மேடையேற்றியது என்பதை எத்தனை இறையியல் வகுப்புகள் கவனித்தன?

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பெரிய நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்காமையால் அவர் சிறுவர்களைக் கொண்டு சபை அமைத்தார். 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் தி. க. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. அப்பாலகனுக்காகவே அபிமன்யு சுந்தரியை ஓரிரவில் எழுதினார் என்பர். வியக்கிறோம்; ஆயினும் பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகள் ஊர் ஊராக இரவில் விழித்து உழைத்தனர். கலையின் மேன்மை அக்கணக்கைத் தீர்த்துவிடாது.

1921-ல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. அவர் முடங்கிக் கிடக்க, அப்பிள்ளைகள் அவர் பாடல்களைத் தொடர்ந்து மேடையில் பாடிவந்தனர். 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் அவர் காலமானார்.