தேவாலயத்துக் கூரையும் தேயிலை மலைக் கூத்தும்

நாடகம் போடுவது என்று முடிவானதும் நம்மவர் முதலில் தேடுவது மண்டபத்தை. வாடகை எவ்வளவு, எத்தனை நாற்காலி கொள்ளும், ஒலிபெருக்கி உண்டா என்னும் மூன்று வினாக்களோடு இடத்தைப் பற்றிய சிந்தனை முடிந்துவிடுகிறது. நாடகம் எழுதுவோரும் அப்படியே. வீட்டுக் கூடம் ஒன்று, இடப்பக்கம் ஒரு வாயில், வலப்பக்கம் ஒரு வாயில் என்று எழுதிவிட்டால் அந்த நாடகத்தைக் கோலாலம்பூரிலும் நடிக்கலாம், ஈப்போவிலும் நடிக்கலாம். எங்கும் நடிக்கத்தக்கது என்பது ஒரு வசதிதான். ஆயினும் எந்த இடத்துக்கும் உரியதாகாத ஒரு கலையைத்தான் இத்தனை காலமும் வளர்த்து வந்திருக்கிறோமா என்னும் ஐயம் எழாமல் இல்லை.

ஒரு குறிப்பிட்ட கட்டடத்துக்கென்றே நாடகத்தை அமைத்து, அந்தக் கட்டடத்தின் சுவரையும் வாயிலையும் வரலாற்றையும் நாடகத்தின் உறுப்புகளாக ஆக்கிக்கொள்ளும் முறையை இன்று ‘இடஞ்சார் அரங்கு’ என்கின்றனர். நம் நாட்டில் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் குழுவினர் 1998ல் கோலாலம்பூரின் பழைய மாளிகை ஒன்றில் நடத்திய ‘ஃபேமிலி’ இவ்வகையைச் சேர்ந்தது. கேமரன் மலையின் பழைய தேவாலயம் ஒன்றில் இவ்வாறு ஒரு தமிழ் நாடகத்தை அமைக்கத் திட்டமிட்டால் என்னென்ன சிக்கல்கள் எழும், அச்சிக்கல்கள் நம் நாடகக் கலைக்கு எதைக் கற்பிக்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடத்தைப் பற்றி நம் முன்னோர் எண்ணியே இருக்கின்றனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலரங்கின் அளவைச் சொல்கிறார். பெருவிரல் இருபத்து நான்கு கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, மேடையின் உயரம் ஒன்று. மேடைத் தளத்துக்கும் மேல்விதானப் பலகைக்கும் இடையே நான்கு. வாயில் இரண்டு, எழினி மூன்று. தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்பதுவரை அங்கே பேசப்படுகிறது. இதைவிட வியப்பானது உரையாசிரியர் அடியார்க்குநல்லார் நிலத்தைப் பற்றிக் கூறுவது. தெய்வத்துக்குரிய இடம், பள்ளி, அந்தணர் இருப்பிடம், கிணறு, குளம், சோலை ஆகியவற்றை விலக்கியே அரங்குக்கு நிலம் கொள்ளவேண்டும் என்கிறார். வழிபாட்டிடத்தில் ஆடுவது பற்றிப் பேசப் புகுந்த நமக்கு இது நேர் எதிரான விதி. தெய்வத்தின் இடத்தில் அரங்கு அமைத்தால் இரண்டில் ஒன்று மற்றொன்றை விழுங்கும் என்று அவர் கருதினார் போலும்.

ஆனால் வழக்கம் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. தஞ்சைப் பெரியகோயிலில் வைகாசித் திருவிழாவில் இராசராசேச்சுவர நாடகம் ஆடுவோர்க்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்கப்பட்டதை இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. கோயிலின் பெயரே நாடகத்தின் பெயர். கட்டடத்தையும் அதைக் கட்டியவனையும் விட்டுவிட்டால் அந்த நாடகத்துக்குப் பெயரே இல்லாமற் போகும்.

கிறித்தவத் தமிழரிடையே இவ்வுறவு இன்னும் நெருங்கியது. ஈழத்தின் மன்னார்ப் பகுதியில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு பாங்குகளாக வழங்கும் கத்தோலிக்கக் கூத்துகள் கோயில் முற்றங்களில் விடிய விடிய ஆடப்பட்டவை. என்றீக் எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி முதலிய நாடகங்களைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்து நூலாக்கினார். இவற்றில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கூத்து நடந்தது தேவாலயத்தின் முற்றத்தில். பீடம் இருக்கும் உள்ளிடத்தில் அன்று. கதவுக்கு வெளியே, ஆனால் கோயிலின் கண்ணெதிரே. அடியார்க்குநல்லாரின் விலக்குக்கும் மக்களின் விருப்பத்துக்கும் நடுவே எவரும் எழுதிவைக்காத ஓர் உடன்பாடு அது. தேவாலயத்துக்குள் நாடகம் நடத்த எண்ணுவோர் இந்த வாசற்படியைக் கடப்பதன் பொருளை முதலில் உணரவேண்டும்.

அதே வித்தியானந்தன்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962ல் ‘கர்ணன் போர்’ தொடங்கிப் பல கூத்துகளை நகர மேடைக்குக் கொண்டுவந்தவர். நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்கும் வட்டக்களரியில் ஓர் இரவு முழுவதும் ஆடியதைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கி, ஒரு புறம் மட்டும் பார்வையாளர் இருக்கும் படச்சட்ட மேடையில் ஏற்றினார். கூத்துக்கு அதனால் கிடைத்த மதிப்பு பெரிது. கற்றோர் அதைக் கலையென ஏற்றதற்கு அம்முயற்சியே காரணம் என்று கூறினும் மிகையன்று. இழந்ததும் உண்டு. வட்டக்களரியில் ஆடுவோனுக்குப் பின்புறம் என்று ஒன்று கிடையாது. எதிர்ப்புறத்து முகங்களையும் பார்த்துக்கொண்டே மக்கள் கூத்தைப் பார்த்தார்கள். படச்சட்ட மேடை அந்த முகங்களை இருளில் ஆழ்த்தியது. இடம் மாறினால் கலையும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் மொழியில் இல்லை.

மேல்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தாமஸ் பெக்கட் என்னும் பேராயர் 1170ல் காண்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அக்கொலையைப் பற்றி டி. எஸ். எலியட் எழுதிய ‘மர்டர் இன் த கத்தீட்ரல்’ 1935 ஜூனில் முதன்முதலாக நடிக்கப்பட்டது அதே பேராலயத்தைச் சேர்ந்த குருமார் கூடத்தில். கொலைக்களம் சில சுவர்களுக்கு அப்பால் இருக்கிறது என்பதைப் பார்வையாளர் அனைவரும் அறிவர். அவ்வாண்டு இறுதியில் இலண்டனில் ஒரு சிற்றரங்குக்குச் சென்றபோதும் நாடகம் வெற்றி பெற்றது. எனவே எழுத்து வலுவுடையதே. ஆயினும் காண்டர்பரியில் பார்த்தவர்களுக்கு எலியட் எழுதாத ஒரு வரியும் கேட்டிருக்கும். “இங்கேதான்” என்பதே அவ்வரி. இடஞ்சார் அரங்கின் ஆற்றல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியது. ‘இங்கேதான்’ என்று சொல்லத் தகுதியில்லாத இடத்தில் இம்முறையைக் கையாள்வது வெறும் அலங்காரம்.

கேமரன் மலைக்கு வருவோம். தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையில் ஆல் சோல்ஸ் என்னும் ஆங்கிலிக்கன் தேவாலயம் இருக்கிறது. கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். அது ஒரு நிசன் குடில். நெளிதகடுகளை வளைத்து, உருளையொன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து தரையில் கவிழ்த்ததுபோல் அமைத்த படைமுகாம்க் கூடம். இவ்வமைப்பை முதல் உலகப் போரின்போது 1916ல் வகுத்தவர் பிரித்தானியப் படைப் பொறியாளர் பீட்டர் நிசன். 1950களின் இறுதியில், அவசரகாலம் முடியாதிருந்த வேளையில், தேவாலயம் அங்கே எழுந்தது. நிலத்தை அளித்தவர் 1934ல் இம்மலையில் ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கிய கிரிஃபித் ஜோன்ஸ் அம்மையார். அருகில்தான் பிரித்தானியப் படையினரின் பிள்ளைகள் படித்த சிலிம் பள்ளி 1964வரை நடந்தது.

நிசன் வகுத்த முதற் குடிலின் அகலம் 16 அடி, நடுவில் உயரம் 8 அடி. பெருவிரலை ஓர் அங்குலமாகக் கொண்டு கணக்கிட்டால் இளங்கோவடிகளின் அரங்கும் 14 அடி அகலம், 16 அடி நீளம், 8 அடி உயரம் என்றே வருகிறது. இது தற்செயலான ஒப்பு. பின்னர் வந்த குடில்கள் பெரியவை. எனினும் பத்துப் பேர் ஆடுவதற்கு எவ்வளவு இடம் தேவை என்பதில் கவிஞரும் படைப் பொறியாளரும் வெகுதூரம் விலகிவிடவில்லை என்பதை எண்ணி மகிழலாம்.

இக்கட்டடத்தில் நடிப்பது எளிதன்று. சுவரே கூரையாக வளைவதால் ஓரத்தில் நிற்பவர் தலை நிமிர்ந்து நிற்க இயலாது. நிமிர்ந்து நிற்க விரும்புவோர் நடுவுக்கு வரவேண்டும். நாடகாசிரியர் ஒருவர் இதைக் குறையாகக் கருதித் தட்டிகளும் படுதாக்களும் கொண்டு மறைக்க முயல்வாராயின் அவர் மண்டபத்துக்கே திரும்பிப் போவது நலம். நடுவில் துரை நிமிர்ந்து நிற்கிறான், ஓரத்தில் கூலி குனிந்து நிற்கிறான் என்பதைக் கட்டடமே சொல்லிவிடும்போது வசனம் எதற்கு? வளைந்த கூரை ஒலியை நடுக்கோட்டுக்குத் திருப்பும் இயல்புடையது. ஓரத்தில் முணுமுணுப்பதை நடுவில் இருப்பவர் கேட்கக்கூடும். இதையும் ஒத்திகைக்கு முன்னரே சோதித்துப் பார்த்து எழுதவேண்டும். எழுதி முடித்த நாடகத்தை எடுத்துச் சென்று அங்கே பொருத்துவது தலைகீழான முறை.

இன்னொன்று மழை. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்தில் பிற்பகல் மழை அன்றாட விருந்தாளி. தகரக் கூரையில் மலைமழை இறங்கினால் எத்தகைய நடிகரின் குரலும் எடுபடாது. ஒலிபெருக்கி வைப்பது ஒரு வழி. மிக மோசமான வழி. மழை தொடங்கினால் பேச்சு நின்று உடல் பேசத் தொடங்கும் என்று நாடகத்தை இருவகையாக அமைத்துக்கொள்வது மற்றொரு வழி. லயத்து வீடுகளும் தகரக் கூரையே. மழை கொட்டும்போது குடும்பமே பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதைத் தோட்டத்தில் பிறந்தவர் அறிவர். துரைமாரின் தேவாலயமும் தொழிலாளியின் லயமும் மழையில் ஒரே ஓசையைத்தான் எழுப்பின. இந்த ஓர் உண்மைக்காகவே அங்கு ஒரு நாடகம் எழுதப்படலாம்.

ஆனால் ‘இங்கேதான்’ என்று நாம் அங்கே எதைச் சொல்லப் போகிறோம்? கடினமான வினா இதுவே. அக்கட்டடம் தோட்டத் தொழிலாளிக்காகக் கட்டப்பட்டதன்று. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத் தொழில் வேரூன்றியது 1929ல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டத்தோடு. தமிழகத்திலிருந்து தொழிலாளர்களை உதவிப்பயணத்தில் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938ல் தடைசெய்துவிட்டது. அதற்கிடையில் பொருளாதார மந்தம் வந்து ஆள் எடுப்பதே நின்றிருந்த ஆண்டுகளும் உண்டு. ஆக, கப்பலிலிருந்து இறங்கி நேரே இம்மலை ஏறியவர்களின் காலம் பத்து ஆண்டுகூட இல்லை. இலங்கையில் தேயிலைத் தொழில் 1867ல் தொடங்கியது. அங்கு மாசி மாதத்துக் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் தலைமுறை தலைமுறையாக மலையில் ஊன்ற நேரம் இருந்தது. காமன் கூத்துக்கெனப் பொட்டல் உண்டு. கம்பம் நடும் இடம் உண்டு. ஆட்டம் லயம் லயமாக நடந்து செல்லும். அதுவே இடஞ்சார் அரங்கு. அப்பெயரை அவர்கள் கேட்டிராவிட்டால் என்ன! நம் மலையின் தமிழ் நினைவு ஒரு முதியவரின் ஆயுளுக்குள் அடங்கிவிடுகிறது. அதைச் சேர்த்துவைக்கும் பொட்டலும் மெலிந்துவிட்டது. இன்று கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். கூடையும் விரலும் போய்க் கத்தரியும் எந்திரமும் வந்துவிட்டன.

எனவே தேவாலயத்துக்குள் தோட்டத்துக் கதையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ‘இங்கேதான்’ என்றால் அது பொய். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு மகிழ்வர், அவ்வளவே. பாடுபட்ட மக்களின் துயரைத் தேநீரோடு சேர்த்து விற்பதற்கு மலையில் ஏற்கெனவே கடைகள் போதும். மாறாக, ‘இங்கே இல்லை’ என்பதே அக்கட்டடத்தில் உண்மையாகச் சொல்லத்தக்க செய்தி. ஞாயிற்றுக்கிழமை மணியோசையைத் தூரத்தில் கேட்டவன் யார், உள்ளே வராதவன் யார், படையினரின் பிள்ளைகள் பாடிய நேரத்தில் பெரட்டுக்கு வரிசையில் நின்றவள் யார் என்னும் வினாக்களை அந்த வெற்றிடம் எழுப்பும். தோட்டத்துத் தமிழரில் கிறித்தவர்களும் இருந்தனர், தமிழில் வழிபட்டனர். அவர்களை மறந்துவிட்டுத் தேவாலயம் என்றாலே வெள்ளையர் என்று எழுதும் எளிய கோபமும் பிழையே.

ஆதலால் நாடகம் வெளியே தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. பார்வையாளரை ஒரு தோட்டத்துச் சரிவில், விடியற்காலைப் பெரட்டு நேரத்தில், பனியிலே நிறுத்தவேண்டும். பெயர் கூப்பிடும் கிராணியே முதற்பாத்திரம். அங்கிருந்து பிள்ளைகள் பள்ளிக்குப் போன வழியும் கடைத்தெருவும் கடந்து, தேவாலயத்து வாசலில் பார்வையாளர் பாதிப்பேரை மட்டும் உள்ளே விடவேண்டும். மீதிப்பேர் வெளியிலிருந்து நெளிதகட்டின் வழியாகக் குரலை மட்டும் கேட்பர். பணம் கொடுத்து வந்தவர் முறையிடுவர் என்று அமைப்பாளர் அஞ்சலாம். முறையிடட்டும், அம்முறையீடும் நாடகத்தில் அடங்கும். பாதியில் இடம் மாற்றி வெளியில் நின்றவரை உள்ளே அழைத்துக்கொள்ளலாம்.

மன்னார் மக்கள் காத்த வாசற்படியை மட்டும் மீறலாகாது. பீடத்தருகே நடிப்பு வேண்டா. அங்கு வழிபடும் சபையாரிடம் கட்டடத்துக்கு இசைவு கேட்டால் மட்டும் போதாது. நாடகத்தின் முழு எழுத்தையும் முன்கூட்டியே படிக்கக் கொடுக்கவேண்டும். அவர்களுள் முதியவர்கள் இருப்பின் கட்டடத்தைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டபின் இரண்டாம் படியை எழுதவேண்டும். ஒத்திகைக்குக் குறைந்தது ஒரு முழு மழைப்பருவத்தை ஒதுக்குவது நன்று. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அக்கூரையின் கீழ் நின்று பேசிப் பார்க்காத நடிகரை நம்பி எதையும் எழுத முடியாது. இன்று கொழுந்து எடுக்கும் நேப்பாளத்து இளைஞனுக்கு அந்நாடகத்தில் இடம் உண்டா என்பதையும் அதற்குள் முடிவு செய்துவிடலாம். அவனுக்கு ஒரு பாத்திரம் கொடுக்கப்படுமானால், கிராணி கூப்பிடும் பெயர்ப்பட்டியலில் கடைசிப் பெயராக அவன் பெயர் வரட்டும். அவன் தன் மொழியிலேயே மறுமொழி சொல்லட்டும்.